ஐந்து பைசா அகதி ஸ்டாம்ப்

சென்ற வாரம் பழைய லாரூஸ் அகராதியைத் தூசி தட்டியபோது அதற்குள்ளிருந்து ஒரு சின்ன ஸ்டாம்ப் விழுந்தது. சிவப்பு நிறம், 5 பைசா. குடும்பக் கட்டுப்பாடு ஸ்டாம்பின் மேல் கறுப்பு மையில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ‘அகதிகள் உதவி’ என்று அச்சடித்திருந்தது. நம் வயதுக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வரும். உங்களில் பலர் இதை முணுமுணுத்துக்கொண்டே ஒட்டியிருப்பீர்கள். நானும்தான்.

1971-ல் எனக்கு வயது 22. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் டெஸ்பாட்ச் கிளார்க். பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில ஃபைல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். ‘ரெஃப்யூஜி’ என்பதை ‘ரெஃபூஜியே’ என்று வாசித்து மற்றவர்களைச் சிரிக்க வைத்ததும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி முதல் எல்லாத் தபாலிலும் கூடுதலாக 5 பைசா அகதி ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. போஸ்ட் கார்டு, செய்தித்தாள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. அரசாங்கத் தபாலுக்கும் தனியாக சர்வீஸ் ஸ்டாம்ப் வந்தது. ஒரு கவருக்கு ஒரு ஸ்டாம்ப் ஒட்டிய கை இப்போது இரண்டு ஒட்ட வேண்டும். சாயங்காலம் பசை காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எதற்காக இந்த வரி என்பது எல்லோருக்கும் தெரியும். 1971 மார்ச் 25-ஆம் தேதி இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சுடத் தொடங்கியது. அன்றிலிருந்து கிழக்கு வங்க மக்கள் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். டிசம்பருக்குள் ஏறக்குறைய 99 லட்சம் பேர். அதில் முக்கால்வாசிப் பேர் மேற்கு வங்கத்தில். திரிபுராவின் ஜனத்தொகையே அப்போது 15 லட்சத்துச் சொச்சம்; அங்கே வந்து சேர்ந்தவர்கள் 14 லட்சம். வீட்டு ஆளுக்கு ஏறக்குறைய ஒரு விருந்தாளி என்ற கணக்கு. 800-க்கும் மேற்பட்ட முகாம்கள் திறந்தார்கள். கல்கத்தா சால்ட் லேக்கில் சாக்கடைக்காகப் போட்டு வைத்திருந்த பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தார்கள். முகாமுக்கு வராமல் உறவுக்காரர், தெரிந்தவர், தெரியாதவர் வீடுகளில் தங்கியவர்களே 30 லட்சம் பேர்.

இதெல்லாம் பேப்பரில் படித்ததுதான். ஆனாலும் விரலில் பசை ஒட்டினால் எரிச்சல்தானே வரும்? ஒரு நாள் சாயங்காலம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். “வங்காளத்துல இருக்கிறவனுக்கு நம்ம அஞ்சு பைசா எங்க போய்ச் சேரப் போகுது? நடுவுலயே எவனாவது சாப்பிட்டுடுவான்.”

எங்கள் தலைமை எழுத்தர் பக்கத்து மேசையில் இருந்தார். அதிகம் பேசாதவர். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, நான் ரங்கூன்ல பொறந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எனக்கு எட்டு வயசு. அப்பா, அம்மா, நான், தங்கச்சி நாலு பேரும் நடந்தே வந்தோம். டாமு வழியா மணிப்பூர். தங்கச்சி வழியிலயே போயிடுச்சு. பேதி. ரெண்டே நாள்தான். மூங்கில் காட்டுல புதைச்சிட்டு மேல நடந்தோம். அப்புறம் தேயிலைத் தோட்டக்காரங்க வச்சிருந்த ஒரு முகாம்ல சுடச்சுடச் சோறும் டீயும் குடுத்தாங்க. அது யாரு காசுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. குடுத்தவனுக்கும் என்னைத் தெரியாது. நீ ஒட்டுப்பா.”

நான் தலையைக் குனிந்துகொண்டு ஒட்டினேன். 1942-ல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் அப்படி நடந்து வந்தார்கள் என்பதும், இந்தியத் தேயிலைச் சங்கம் அந்த மலைப்பாதையில் முகாம்கள் நடத்தியது என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான்.

அதே டிசம்பரில் பிரான்சில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி நாங்கள் பிரெஞ்சு படித்த நண்பர்கள் கடற்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் சண்டை போட்டோம். எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ எழுபதை எட்டும் வயதில், வங்காளிகளுக்காகத் தானே போரிடத் தயார் என்று அறிவித்திருந்தார். டிசம்பர் 3-ஆம் தேதி பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் ழான் கே என்ற இளைஞர் பாகிஸ்தான் விமானம் ஒன்றுக்குள் துப்பாக்கியோடு ஏறினார். பையில் குண்டு இருக்கிறது என்று மிரட்டினார். பணம் கேட்கவில்லை. வங்க அகதிகளுக்கு 20 டன் மருந்து ஏற்று என்றார். மருந்துப் பெட்டிகளை ஏற்றுவதுபோல் வேஷம் போட்டு உள்ளே போன போலீஸ்காரர்கள் அவரை மடக்கிப் பிடித்தார்கள். பையில் குண்டும் இல்லை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்ட மருந்து பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அவர் செய்தது குற்றம் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். பயணிகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனாலும் எங்கோ இருக்கிற வங்காளி சாகிறான் என்று பாரிஸில் ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கோ 5 பைசா கசந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்த ஆண்டு அகதிகளைப் பிழைக்க வைத்தவற்றில் முக்கியமானது விமானத்தில் வரவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே முகாம்களில் காலரா பரவிவிட்டது. எல்லை ஊரான பன்காவ் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைக் கலந்து பெரிய டிரம்மில் ஊற்றிக் குழாய் வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ டம்ளரில் பிடித்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டியதுதான். டாக்டர் வேண்டாம், ஊசி வேண்டாம். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பெருவாரி நோயின் நடுவே நின்று தன்னை நிரூபித்தது அங்கேதான்.

டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. அகதிகள் வந்த வேகத்திலேயே திரும்பினார்கள். வழிக்குச் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கான ரேஷனும் கொடுத்து ரயிலிலும் லாரியிலும் அனுப்பினார்கள். நடந்தே போனவர்களும் உண்டு. 1972 மார்ச் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா முகாமும் காலி. 5 பைசா ஸ்டாம்ப் மட்டும் 1973 மார்ச் 31 வரை நம்மை விடவில்லை. அரசாங்கம் போட்ட வரி சீக்கிரம் போகுமா என்ன!

டாக்டர் மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் உப்பு, சர்க்கரைக் கணக்கெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. படித்து முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வங்காளம் அல்ல, டாமுவுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் காடு. எங்கள் தலைமை எழுத்தர் போய் வெகுகாலம் ஆகிறது. அவர் தங்கச்சியின் பெயரை நான் கேட்டதே இல்லை. 1942-ல் யாராவது ஒருவருக்கு இது தெரிந்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை போதும், அந்தக் குழந்தையும் அந்த முகாமில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கும்.

ஸ்டாம்பை மறுபடி அகராதிக்குள்ளேயே வைத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பழைய கடிதக் கட்டுகளில் தேடிப் பாருங்கள், ஒன்றிரண்டு இருக்கும். பேரப் பிள்ளைகள் என்ன இது என்று கேட்டால் குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.