வின்டோஸை இப்பவே மாற்றுவதா, பொறுப்பதா? நம் எழுத்தின் இருபத்தைந்து வருடக் கதை



புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் புடைவைக் கடை வைத்திருக்கிற என் மாணவி ஒருத்தியின் வாப்பா போன கிழமை கேட்டார்: "டீச்சர், வின்டோஸ் பத்துக்குக் காலம் முடிஞ்சிட்டாமே. இப்பவே பதினொண்டுக்கு மாத்தவா, இல்லாட்டி கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவா?" கடைக் கணக்கு, மகளின் கல்யாண அழைப்பிதழ், தங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் பல வருட அறிவித்தல்கள் எல்லாம் அந்த ஒரே மெஷினில் இருக்கின்றன. கடை வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. நம்மில் பலருக்கு இப்போது இதே கேள்வி இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிய வின்டோஸ் வந்தவுடன் பாயாதே, முதலில் மற்றவர்கள் பாவித்துப் பார்க்கட்டும் என்பதுதான் வழக்கமான புத்திமதி. அதில் நியாயம் இருக்கிறது. 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி வின்டோஸ் 10க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வெளிவந்தது. அவசரப்பட்டுப் போட்டவர்களில் சிலருடைய சொந்தக் கோப்புகளே அழிந்துபோயின. நாலு நாளில் மைக்ரோசொஃப்ட் அதை நிறுத்தி வைத்து, திருத்தி, நவம்பர் 13ஆம் திகதிதான் மறுபடி வெளியிட்டது. பொறுத்திருந்தவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2017 மே 12ஆம் திகதி 'வன்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துவிட்டுத் திறப்பதற்குக் காசு கேட்டது. பிரித்தானியாவில் அரச வைத்தியசாலைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் திகதியே கொடுத்திருந்தது. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை அதைப் போடாமல் விட்ட வின்டோஸ் 7 கணினிகள்.

இந்த இரண்டு கதையும் உலகத்தில் எல்லாருக்கும் பொது. மூன்றாவது கதை நமக்கே உரியது. அதுதான் முக்கியமானது.

கணினிக்கு எழுத்து என்றால் ஓர் எண். ஆங்கில எழுத்துக்கெல்லாம் ஆரம்பத்திலேயே எண் கொடுத்துவிட்டார்கள். தமிழுக்கு இடம் இல்லாத காலத்தில் நம் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தார்கள். இலங்கையில் நாம் எல்லாரும் பழகிய பாமினி அப்படிப்பட்ட எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கிற மெஷினில் அது அம்மா. இல்லாத மெஷினில் பொருளற்ற ஆங்கிலக் குப்பை. அந்தத் தந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. பாமினி இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் நம் வினாத்தாள்களும் சஞ்சிகைகளும் ஜனாஸா அறிவித்தல்களும் கணினியில் ஏறியே இருக்காது.

பிறகு யூனிகோட் வந்தது. 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. 'அ'வுக்கு 2949 என்று சொந்த எண். உலகின் எந்த மெஷினிலும் அது 'அ'தான். ஆனால் எண் இருந்தால் போதாது. கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்கவும் புள்ளியை மேலே போடவும் கணினிக்குத் தெரிய வேண்டும். மைக்ரோசொஃப்ட் அந்த அறிவை அடிப்படையிலேயே சேர்த்துக் கொடுத்த முதல் வின்டோஸ், 2000 பெப்ரவரி 17ஆம் திகதி வந்த வின்டோஸ் 2000. 'லதா' என்ற தமிழ் எழுத்துரு அதோடுதான் வந்தது. 2001 ஒக்டோபர் 25ஆம் திகதி வந்த எக்ஸ்பி அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

ஆனால் எக்ஸ்பியில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அமைப்புகளுக்குள் போய் ஒரு பெட்டியில் 'சரி' போட வேண்டும். சிக்கலான எழுத்துகளுக்கும், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அதாவது நம் தமிழுக்கும் அரபுக்கும் ஒரே பெட்டி! அதற்குப் பெரும்பாலும் வின்டோஸ் இறுவட்டையும் போட வேண்டியிருந்தது. பலர் அந்தப் பெட்டியைக் கண்டதே இல்லை. பாமினியிலேயே இருந்துவிட்டோம்.

விலை என்ன என்பதை நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது படித்துக்கொண்டேன். நாற்பது பக்க ஒப்படை ஒன்றைப் பாமினியில் அடித்து, பென் டிரைவில் போட்டு, அச்செடுக்க ஒரு கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முதல் நாள்தான் வின்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார். பாமினி போயிருந்தது. நாற்பது பக்கமும் குப்பை. இடையில் சேர்த்திருந்த ஹதீஸின் அரபு மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் நின்றது, அது யூனிகோட் என்பதால். அன்று எனக்கு விளங்கியது, குற்றம் புது வின்டோஸில் இல்லை. என் தமிழ் கணினிக்குத் தமிழாகவே தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு விஷயம். 2007 ஜனவரி இறுதியில் விற்பனைக்கு வந்த விஸ்டாவை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பது திட்டுவதற்காகத்தான். மெதுவானது, பழைய பிரிண்டர்கள் அதில் ஓடவில்லை என்றெல்லாம் சொல்லிப் பலர் எக்ஸ்பிக்கே திரும்பினார்கள். புகார்கள் உண்மைதான். ஆனால் எந்தப் பெட்டியிலும் 'சரி' போடாமல் தமிழ், சிங்களம், அரபு மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டியதும் அதே விஸ்டாதான். பிஸ்மியை அரபிலும் செய்தியைத் தமிழிலும் முகவரியைச் சிங்களத்திலும் எழுதுகிற கொழும்பு முஸ்லிம்களுக்கு அதைவிடப் பொருத்தமான வசதி அதுவரை வந்ததில்லை. "பொறு" என்று உலகம் சொன்ன புத்திமதி, தங்கள் எழுத்து முதல் நாளிலிருந்தே கணினியில் இருந்தவர்கள் சொன்னது. நாம் அதை அப்படியே இரவல் வாங்கினோம்.

நம் நாட்டவர்களிலும் முந்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சேர்த்தார். அவை யூனிகோடில் இருப்பதால்தான் இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடி வாசிக்கிறார்கள். அதே வருடங்களில் பாமினியில் அடித்த எத்தனையோ சிறப்பு மலர்கள் அச்சில் மட்டும் நிற்கின்றன. தேடினால் அகப்படாது. இலங்கையும் 2008இல் தமிழுக்கு யூனிகோட் வழியான தேசியத் தரத்தை அறிவித்தது. ஆனாலும் இந்தத் தவணையும் பாமினியில் அடித்த வினாத்தாள் ஒன்று என் கைக்கு வந்தது.

இனி அந்த வாப்பாவுக்கான பதில். வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பதிந்துகொண்டால் வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. வின்டோஸ் 11 வந்ததோ 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி. ஆகவே இப்போது மாற்றுவது அவசரம் அல்ல, பிந்தியதுதான். மெஷின் பழையது என்றால் அது வின்டோஸ் 11ஐ ஏற்காமலும் போகலாம். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். முதலாவது, எல்லாக் கோப்புகளையும் வெளியில் ஒரு பிரதி எடுங்கள். 2018இல் அழிந்த கோப்புகளை மறக்க வேண்டாம். இரண்டாவது, பாமினி எழுத்துருவையும் அதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அது வின்டோஸ் 11இலும் வேலை செய்யும். மூன்றாவது, முக்கியமான பழைய பத்திரங்களைச் சுரதாவின் எழுத்துருமாற்றி போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை வாசித்துப் பிழை திருத்துங்கள். புதிதாக அடிப்பதை இன்றிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். இதைச் செய்தவருக்கு எந்த வின்டோஸும் பயமில்லை.

நேற்று அந்த வாப்பா மறுபடி அழைத்தார். மாற்றுவதற்கு முன் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தாராம். அவருடைய மௌத்தான நானா பள்ளிவாசல் செயலாளராக இருந்தபோது அடித்த கூட்ட அறிக்கைகள், ஒன்பது வருடத்துக்குரியவை, எல்லாம் பாமினியில். "அவர்ட எழுத்து டீச்சர், இது போயிடக் கூடாது" என்றார்.

இன்ஷா அல்லாஹ், வருகிற ஞாயிறு நானும் என் மாணவிகள் சிலரும் அவற்றை மாற்றிக் கொடுக்கப் போகிறோம். உங்கள் வீட்டில், உங்கள் பள்ளிவாசலில், உங்கள் பாடசாலையில் இப்படி என்ன கிடக்கிறது என்று இந்தக் கிழமை ஒருமுறை திறந்து பாருங்கள்.