மின்னலுக்கு ஒரு வழி



எனக்கு இடிமழை பிடிக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஐப்பசி பிறந்து வானம் கருத்துக்கொண்டு வந்தால், வீட்டில் மற்றவர்கள் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பிரியத்தில் படித்துச் சேர்த்த ஒரு வரலாற்றை இன்று எழுதுகிறேன். பயப்படாதீர்கள், முடிவில் கேள்வி கேட்க மாட்டேன்!

இடிக்கு அஞ்சுவது நாம் மட்டுமல்ல. ஐரோப்பாவில் இடி இடித்தால் தேவாலய மணிகளை ஓங்கி அடிப்பது பல நூற்றாண்டு வழக்கம். மணியோசை மின்னலை விரட்டிவிடும் என்று நம்பினார்கள். ஆனால் ஊரிலேயே உயரமான கட்டடம் தேவாலயக் கோபுரம்தான். நனைந்த மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் ஓர் ஆள் நிற்பான். 1784இல் மியூனிக் நகரில் வெளியான ஒரு நூல் கணக்குச் சொல்கிறது: 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் மின்னல் விழுந்தது, மணியடித்தவர்கள் 103 பேர் இறந்தார்கள். ஊரைக் காக்க ஓடிவந்தவர்கள்தாம் முதலில் மாண்டார்கள்.

மின்னல் என்பது மின்சாரமே என்பதைச் சோதித்துப் பார்க்க வழி சொன்னவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். பட்டம் விட்ட கதை உங்களுக்குத் தெரியும். அவர் எழுதிய வழியைப் பிரான்சில் முந்திக்கொண்டு செய்து பார்த்தார்கள். 1752 மே 10ஆம் நாள், மார்லி என்ற கிராமத்தில் சுமார் 40 அடி உயர இரும்புக் கம்பி நட்டார்கள். அதிலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடாதிருக்க, அடியில் ஒயின் பாட்டில்களை வைத்தார்கள். ஏற்பாடு செய்த தாலிபார் என்ற அறிஞர் அன்று ஊரில் இல்லை. இடி வந்தபோது காவலுக்கு இருந்த முன்னாள் படைவீரர் ஒருவரும், ஓடிவந்த ஊர்ப் பாதிரியாரும்தான் கம்பியிலிருந்து தீப்பொறி எடுத்தார்கள். இருவரும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் ரிக்மானுக்கு இல்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகப் பேராசிரியர் அவர். கூரையிலிருந்த கம்பியை வீட்டுக்குள் கொண்டுவந்து, மின்சாரத்தை அளக்கும் கருவியோடு இணைத்திருந்தார். அந்தக் கம்பியும் மண்ணுக்குள் போகவில்லை. 1753 ஆகஸ்ட் 6 அன்று கழகக் கூட்டத்தில் இருந்தபோது இடியோசை கேட்டது. படம் செதுக்கும் கலைஞர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். கருவியின் அருகே குனிந்தபோது ஒரு நெருப்புப் பந்து அவர் நெற்றியில் பாய்ந்தது. அங்கேயே உயிர் பிரிந்தது. உடன் வந்தவர் மயங்கி விழுந்து பிழைத்தார்.

அதே நேரத்தில் அவருடைய நண்பர் லொமனோசோவ் தம் வீட்டில் அதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார். மனைவி வேண்டாம் என்று சொல்லியும் நகரவில்லை. கடைசியில், முட்டைக்கோஸ் சூப் ஆறிப்போகிறது என்று சாப்பிடக் கூப்பிட்டதால் எழுந்து போனார்! அன்றே அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ரிக்மானின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை கேட்டார். இந்த மரணத்தைக் காட்டி அறிவியல் வளர்ச்சியைத் தடுத்துவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

பாடம் இதுதான். மின்னல் கேட்பது மண்ணுக்குப் போக ஒரு வழி. தடையில்லாத தடித்த உலோகக் கம்பியால் அந்த வழியைக் கொடுத்துவிட்டால், கட்டடத்தை விட்டுவிட்டு அதன் வழியே இறங்கிவிடும். பிராங்க்ளினின் இடிதாங்கி அவ்வளவுதான்.

சரியான கருவி வந்த பிறகும் பயம் போகவில்லை. பிரான்சின் செயின்ட் ஓமேர் ஊரில் விசெரி என்பவர் தம் வீட்டில் இடிதாங்கி வைத்தார். அது மின்னலை ஊருக்குள் இழுத்துவரும் என்று அக்கம்பக்கத்தார் முறையிட, அகற்றும்படி உத்தரவானது. வழக்கு மேலே போனது. 1783இல் அவருக்காக வாதாடி வென்றவர் 25 வயது வக்கீல் ஒருவர். பெயர் ரோபஸ்பியர்! ஆம், பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் நாம் படித்த அவரேதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கோபுரக் கலசம் ஊரையே இடியிலிருந்து காக்கும் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. கலசத்தைக் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கம்பி இல்லாவிட்டால் அது இடிதாங்கி ஆகாது. இருந்தாலும் அந்தக் கட்டடத்தையும் அதை ஒட்டிய சிறு பகுதியையும்தான் காக்கும். ஊர் முழுவதையும் அல்ல. இந்தச் செய்தியை நம்பி வயலில் நிற்கிறவருக்கு என்ன பாதுகாப்பு? நம் நாட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். வயலிலும் மரத்தடியிலும் நின்றவர்கள் அதில் ஏராளம்.

ஆகவே, மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள். கான்கிரீட் வீடோ, கதவு மூடிய காரோ நல்லது. மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.

ஊரில் வயல்வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள் பிள்ளைகளே. இடியை நேசியுங்கள், உள்ளே இருந்துகொண்டு.