பம்பரம் கற்பித்த வர்ண பாடம்

மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தால் பச்சை பிறக்கும் என்பதைச் சித்திரக்காரர்களும் சாயத் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த போதிலும், அந்த அறிவைப் பள்ளிப் பருவம் எய்தாத பாலர்களுக்கு விளையாட்டின் மூலமாகவே புகட்டும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓர் உருவம் பெற்றது.

1837-ல் ஜெர்மனியின் துரிங்கியாவிலுள்ள பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குழந்தைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கி, மூன்றாண்டுகளுக்குப் பின் அதற்குக் கிண்டர்கார்டன் என்று நாமகரணம் செய்த பிரெடரிக் புரோபல், தாம் வகுத்த விளையாட்டு உபகரணங்களுள் முதலாவதாக வைத்தது, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்னும் ஆறு நிறங்களில் அமைந்த கம்பளி நூற்பந்துகளை. பந்தோடு பந்தை எத்தனை நாழிகை உரசினாலும் புதிய வர்ணம் ஒன்றும் உண்டாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் ரோமாபுரியில் தம் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், எட்டு வர்ணங்களை எட்டெட்டுச் சாயல்களாகப் பிரித்து, 64 பட்டு நூல் பலகைகளைக் குழந்தையின் முன் பரப்பினாரே ஒழிய, கலக்கச் சொல்லவில்லை. 1939-ல் அவர் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபோது இங்கு அறிமுகமானதும் அந்த மரபுதான். வர்ணங்களைப் பேதம் பிரித்தறியும் கண்ணை இவ்விருவரும் வளர்த்தனர்; வர்ணத்தைப் பிறப்பிக்கும் கை வேறிடத்தில் வளர்ந்தது.

அந்த வேறிடம் பௌதிக ஆராய்ச்சிச் சாலை. எடின்பரோவில் பேராசிரியர் ஜேம்ஸ் போர்ப்ஸ் 1849-ல் நீலமும் மஞ்சளும் பூசிய வட்டத்தைச் சுழற்றிப் பார்க்க, எதிர்பார்த்த பச்சை தோன்றாமல் இளஞ்சிவப்பு தோய்ந்த ஒரு மங்கலே தோன்றியது. அவருடைய மாணாக்கரான கிளார்க் மாக்ஸ்வெல், வர்ணக் காகித வட்டங்களில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கீறலிட்டு, ஒன்றனுள் ஒன்றைச் செருகி, ஒவ்வொரு நிறமும் எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவே தெரியுமாறு ஒரு பம்பரத்தின்மேல் பொருத்தி நடத்திய பரிசோதனைகளை 1855-ல் வெளியிட்டார். சாயங்கள் கலக்கும்போது ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட, இரண்டும் விழுங்காமல் விட்டது மட்டுமே கண்ணுக்கு எட்டுகிறது. பம்பரத்திலோ இரு நிறங்களின் ஒளியும் மாறி மாறி விரைந்து வந்து கண்ணிலேயே கலந்துவிடுகிறது. இந்த வேற்றுமையின் காரணத்தை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852-லேயே விளக்கியிருந்தார்.

பண்டிதர்களின் இந்தப் பம்பரம் பாலர்களின் கைக்கு வந்தது ஒரு வியாபாரியின் தயவால். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் கல்லச்சுத் தொழிலும் விளையாட்டுச் சாமான் விற்பனையும் நடத்திய மில்ட்டன் பிராட்லி, 1869-ல் எலிசபெத் பீபாடி அம்மையாரின் பிரசங்கத்தால் கிண்டர்கார்டன் கொள்கையில் பற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் லாபம் தராத அந்த உபகரணங்களை விடாப்பிடியாக உற்பத்தி செய்துவந்தார். அவர் ஒரே சீரான நிறத்தில் அச்சிட்ட காகிதங்களையும், மாக்ஸ்வெல் முறைப்படி கீறிய அட்டை வட்டங்களோடு கூடிய சிறு பம்பரத்தையும் பள்ளிகளுக்கு அளித்ததோடு, சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றே மூல வர்ணங்கள் என்ற பழங்கொள்கையை 1895-ல் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தும் எழுதினார். பொம்மை விற்பவர் சாஸ்திரம் பேசுவதா என்று முகம் சுளிப்பவர்கள், வகுப்பறையில் வர்ணத்தை அளந்து கலக்கும் வழியைக் குழந்தைக்குக் காட்டியவருள் அவரே முன்னணியில் நின்றார் என்பதை மறக்கிறார்கள்.

ஆனால் பம்பரத்தையும் வர்ணக் கிண்ணத்தையும் ஒரே நாளில் குழந்தையிடம் கொடுக்கும் உபாத்தியாயருக்கு ஒரு சங்கடம் உண்டு: கிண்ணத்தில் பச்சையாக வந்தது பம்பரத்தில் ஏன் சாம்பலாக வந்தது என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பிற்காலத்தில் பம்பரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தூரிகையை மட்டும் நீட்டினார்கள் போலும்.