மூன்றாவது காந்தம் எந்தப் பக்கம் திரும்பும்?



முப்பது வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினேன். "தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது மைனஸ் 273 டிகிரிக்குக் குளிர்வித்தால் எந்தப் பொருளிலும் ஒழுங்கின்மை அடங்கிவிடும்" என்று ஒருநாள் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "அடங்காத பொருளே கிடையாதா சார்?" "கிடையாது, உட்கார்" என்றேன்.

தவறு என்னுடையது. பதில் நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

தாளில் ஒரு முக்கோணம் வரையுங்கள். மூலைக்கு ஒரு காந்தம். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே மட்டும் பார்க்கலாம். பக்கத்துக் காந்தத்துக்கு எதிராகவே நிற்க விரும்பும். முதலாவது மேலே, இரண்டாவது கீழே. மூன்றாவது? எப்படித் திரும்பினாலும் ஒருவருக்கு ஆகாது. இருதலைக்கொள்ளி எறும்பு! மொத்தம் உள்ள 8 அமைப்புகளில் 6 சமமாகவே நல்லவை. எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்படி முக்கோணங்களாலேயே ஆன பெரிய வலையில், தனிச்சுழியிலும் ஒழுங்கின்மை மிஞ்சும் என்று 1950-ல் வானியர் கணக்கிட்டுக் காட்டினார். 1977-ல் துலூஸ் இதற்கு 'ஃபிரஸ்ட்ரேஷன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் மொழியில் விரக்தி எனலாம்.

இதைப் புரிந்துகொள்ள உதவிய உவமை நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஹைட்ரஜன்கள். இரண்டு அருகில், இரண்டு தள்ளி. எந்த இரண்டு என்று விதி கிடையாது. 1935-ல் லைனஸ் பாலிங் இந்த வழிகளை எண்ணினார். ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக ஒன்றரை வழி என்று வந்தது. மறுவருடமே ஜியாக்கும் ஸ்டவுட்டும் செய்த அளவீடு அதற்கு மிக அருகில் அமைந்தது.

சில படிகங்களில் உள்ள காந்தங்களுக்கும் இதே பனிக்கட்டிக் கணக்கு பொருந்தும் என்று 1956-ல் ஆண்டர்சன் எழுதினார். காகிதத்தில் இருந்த அந்த ஒப்புமைக்கு 1997-ல்தான் உயிர் வந்தது. ஹாரிஸ், பிராம்வெல் குழுவினர் ஹோல்மியம் டைட்டனேட் படிகத்தை ஆராய்ந்தார்கள். அதில் நான்முகியின் நான்கு மூலைகளிலும் காந்தங்கள். இரண்டு உள்நோக்கி, இரண்டு வெளிநோக்கி. பனிக்கட்டியின் அதே விதி! 'ஸ்பின் ஐஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1999-ல் ராமிரெஸ் குழு டிஸ்புரோசியம் டைட்டனேட்டில் மிஞ்சிய ஒழுங்கின்மையை அளந்தது. பாலிங் பனிக்கட்டிக்குப் போட்ட அதே கணக்கு அங்கேயும் பொருந்தியது, 64 வருடம் கழித்து.

கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று நினைத்தே நான் விடைத்தாள் திருத்தினேன். ஆறு சரியான விடை உள்ள கேள்வியையும் இயற்கை வைத்திருக்கிறது.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அன்று நீ உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.