கணக்கு இடித்த இடத்தில் ஒரு கண்டுபிடிப்பு

பி.காம். படிக்கிறவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இருப்பாய்வு சேரவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போகிறோம் அல்லவா? அப்படிப் போகாமல் நின்று தேடியவர்களின் கதை இது.

முதலில் அருமண் தனிமங்கள். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதில் சீரியம், லாந்தனம் முதலியவை நிறைய உண்டு. இவற்றின் உறவுக்காரத் தனிமம்தான் இட்ரியம். இத்தகைய தனிமத்தோடு நிக்கல் போன்ற வேறொரு உலோகம் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தால் கிடைப்பது இடை உலோகச் சேர்மம்.

சில பொருட்கள் கடுங்குளிரில் மின்தடையை அறவே இழக்கும். அவையே மீக்கடத்திகள். 1987-க்குப் பின் உலகமே தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளின் பின்னால் ஓடியது. காந்த உலோகமான நிக்கல் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்பதே பொதுவான எண்ணம்.

அந்த நேரத்தில் பம்பாய் (இன்றைய மும்பை) டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா, சந்தன் மஜும்தார், ஜாகிர் உசேன் ஆகியோர் அடங்கிய குழு இட்ரியம்-நிக்கல்-போரான் சேர்மத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. சுமார் 12 கெல்வினில், அதாவது மைனஸ் 261 டிகிரி செல்சியஸில், மீக்கடத்தலின் மங்கலான அடையாளம் தெரிந்தது. மாதிரியில் மிகச் சிறிய பகுதி மட்டுமே அப்படி நடந்துகொண்டது. "ஏதோ கலப்படம்" என்று தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை!

அந்தக் கலப்படம் என்ன என்று தேடினார்கள். கார்பன்! வேண்டுமென்றே கார்பனைச் சேர்த்ததும் மாதிரி முழுவதிலும் மீக்கடத்தல் வந்தது. 1994 ஜனவரியில் கட்டுரை வெளியானது. அதே மாதம் அமெரிக்காவின் பெல் ஆய்வகக் குழு இந்தக் குடும்பத்தின் படிக அமைப்பை வெளியிட்டது. நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் போட்டு 23 கெல்வினையும் எட்டியது. இடை உலோகச் சேர்மங்களில் 1973 முதல் நின்ற சாதனைக்கு அது சமம்.

கதை அங்கே முடியவில்லை. பொதுவாகப் பொருட்கள் குளிரக் குளிர விறைக்கும். ஆனால் 1995-ல் லுட்டீசியம் சேர்மத்தை நியூட்ரான்களால் ஆராய்ந்தபோது, குளிரில் சில அணு அதிர்வுகள் மெதுவாவது, அதாவது அந்த வகையில் படிகம் இளகுவது தெரிந்தது. எர்பியம் சேர்மமோ சுமார் 6 கெல்வினில் காந்த ஒழுங்கு வந்ததும் தன் சதுர வடிவத்தையே லேசாக மாற்றிக்கொள்கிறது. ஒரே படிகத்தில் காந்தமும் மீக்கடத்தலும் மீள்தன்மையும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இதை ஆராய இவ்வளவு நல்ல பொருட்கள் எளிதில் கிடைப்பதில்லை.

2001-ல் மக்னீசியம் டைபோரைடு 39 கெல்வினைத் தொட்டதும் அந்தச் சாதனை பின்னுக்குப் போனது. போகட்டும். சாதனைகள் உடையத்தான் செய்யும். மாதிரியின் ஒரு மூலையில் தெரிந்த சிறு வித்தியாசத்தை அனாமத்தில் எழுதாமல் தேடிப் பிடித்த பெயர் மட்டும் நம் நாட்டு ஆய்வகத்துக்கே.

அடுத்த முறை கணக்கு இடித்தால் கொஞ்சம் சந்தோஷப்படுங்கள் நண்பர்களே!