தன்திறன் நம்பிக்கை: சபரகமுவ தோட்டப்புறச் சேவைப் பணியில்

எடுத்த வேலையைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் கொண்டிருக்கும் உறுதியே தன்திறன் நம்பிக்கை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் இக்கருத்தை முன்வைத்தார். இலங்கையின் சபரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்ட மக்களுக்குச் சேவை செய்யும் கருமபீடங்களில் இந்த உறுதியை வளர்ப்பதிலும் குலைப்பதிலும் மொழிக்குப் பெரும் பங்குண்டு.

ஊற்றுகள்

தானே செய்து வென்ற அனுபவம், தன்னை ஒத்தவர் செய்வதைப் பார்த்தல், பிறரின் ஊக்கச் சொல், உடல்-மன நிலை என நான்கு ஊற்றுகளைப் பண்டுரா காட்டினார். இவற்றில் முதலாவதே வலியது.

சட்டப் பின்னணி

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இன் அரசியலமைப்பு 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள சபரகமுவ போன்ற பகுதிகளிலும் தமிழில் அலுவல் முடிக்கும் உரிமையை 1988இன் 16ஆம் திருத்தம் தந்தது. 2007 ஜூலை முதல் சேரும் அரச ஊழியர் ஐந்தாண்டுக்குள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்றது 7/2007 சுற்றறிக்கை.

கருமபீடத்தில்

இறக்குவானையிலோ தெரணியகலையிலோ கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பெண் சேமலாப நிதி கேட்டு வருகிறார் என்று கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘லக்ஷ்மி’, தோட்டப் பதிவேட்டில் ‘லச்சுமி’. தமிழ் தெரிந்த அலுவலருக்கு மூன்றும் ஒரே பெயர் என்பது சொன்னவுடன் புரியும். எந்தச் சத்தியக் கடதாசி வேண்டுமென்று விளக்கி அனுப்புவார். தமிழ் தெரியாதவர் “நாளைக்கு வாங்க” என்பார். கூட வந்த மகளுக்கு அன்றைய பேர் (நாட்கூலி) போகிறது. அலுவலருக்கோ முடியாத வேலை ஒன்று கூடுகிறது.

மக்களை நேரில் சந்திக்கும் அரச ஊழியர்கள் வேலைப்பளு மிகும்போது இத்தகைய குறுக்கு வழிகளை நாடுவதை மைக்கல் லிப்ஸ்கி 1980இல் விளக்கினார். அதைச் சோம்பல் என்று மட்டும் தள்ளிவிடுவது நியாயமல்ல.

வளர்க்கும் வழிகள்

தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. கற்ற தமிழைக் கருமபீடத்தில் பேசிப் பழக வேண்டும். இருமொழிப் படிவமும், பக்கத்து மேசையில் தமிழறிந்த சகாவும், தவறினால் கடிந்துகொள்ளாத மேலதிகாரியும் அந்தப் பழக்கத்துக்குத் துணை. “விளங்கிருச்சுங்க மாத்தியா” என்று அந்தத் தாய் சொல்லிப் போகும் நாளில், அடுத்தவரை அழைக்கும் அலுவலரின் குரலிலும் தயக்கம் குறைந்திருக்கும்.