எம். ஜே. கோபாலன்

எம். ஜே. கோபாலன் (1909–2003), கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்திய அணிக்கு ஆடிய தொடக்ககால வீரர்களில் ஒருவர். செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தொலைவுதான். அவருடைய பந்துவீச்சைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர். பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை கிடைத்ததும் அவர் முயற்சியால்தான். விளையாட்டு சோறு போடாத காலம். ஆள் நிலைக்க ஒரு கம்பெனி வேலை வேண்டியிருந்தது.

பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடந்த பிரசிடென்சி ஆட்டங்கள்தான் அவர் பெயரை ஊரறியச் செய்தன. 1934 ஜனவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் டெஸ்ட் ஆடினார்: 18 ரன், ஒரு விக்கெட். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தது. சொந்த மைதானத்தில் அவருக்கு இடம் இல்லை. பிறகு எங்குமே இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவரே. மதராஸின் எதிரணி மைசூர். 48, 59 என்று இரண்டு இன்னிங்ஸிலும் அது சுருண்டுவிட, ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அன்றைய மதராஸ் அணி மாகாணம் முழுவதற்கும் உரியது. இன்று ஆந்திராவில் உள்ள பாகாலா, சித்தூர்ப் பையன் ஒருவன் பெரிய கிரிக்கெட் ஆட நினைத்தால் அவனுக்கும் வழி சேப்பாக்கம்தான். ஆந்திராவுக்குத் தனி ரஞ்சி அணி வந்தது 1953–54இல்.

1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சென்ற ஹாக்கி அணியில் கோபாலன் இருந்தார். அந்த அணி ஆடிய ஆட்டமெல்லாம் வென்று திரும்பியது.

கோபாலனின் இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவான தேவை அதிகமில்லை. நாள்காட்டி இடம் கொடுத்தவரை இரண்டும் நடந்தன. 1936இல் அது இடம் கொடுக்கவில்லை. பெர்லின் ஒலிம்பிக்கும் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே கோடையில் வந்தன. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பலேறினார். விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் போன அந்த அணி உட்பூசலுக்கே பேர் போனது. லாலா அமர்நாத்தை நடுவிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட கோபாலன் ஆடவில்லை. ஆகஸ்ட் 15 அன்று ஹாக்கி அணி ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் வாங்கியது. இதை அவருடைய தவறான கணக்கு என்று இன்று சொல்வது எளிது. டெஸ்ட் தொப்பியை ஒரு தடவை போட்டவனுக்கு மறுபடி போட ஆசை இருக்காதா?

பின்னாளில் தேர்வுக்குழுவிலும் இருந்தார். 1952–53 முதல் மதராஸுக்கும் இலங்கைக்கும் நடந்த போட்டிக்குக் 'கோபாலன் கோப்பை' என்று பெயரிட்டனர். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைக்குமுன் அந்நாட்டு வீரர்கள் பலர் தங்களைச் சோதித்துப் பார்த்துக்கொண்ட களம் அது. 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் அவர் காலமானார்.